‘இடையூறு’ என்னும் கட்டத்தில் மாதையன்

1

நான் கனடாவுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் நிறைந்ததை எனக்கு நினைவூட்டியது குடியேற்றத் துறை. நிரந்தரக் குடியிருப்பு அட்டை காலாவதியாகப் போகிறது, இந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை நாட்கள் இங்கே இருந்தீர்கள் என்று தேதிவாரியாகக் காட்டவும் என்றது படிவம். மகள் தேன்மொழி கவலைப்பட்டாள். நான் படவில்லை. ஊருக்குப் போன நாள், திரும்பிய நாள், விமான எண், கடவுச்சீட்டில் முத்திரை விழுந்த பக்கம் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதிவேடு இருக்கிறது. ஒரே மூச்சில் நிரப்பி அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, புகைப்படத்தின் பின்பக்கம் அதை எடுத்த கடையின் முகவரி இல்லை என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்து, கடைசியாக ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் நேர்முக உதவியாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு கோப்பில் என்ன இல்லை என்பதை அதைப் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

இங்கே நாங்கள் இருப்பது சமவெளிப் பகுதி. ஆறு மாதம் பனி, மீதி மாதங்களில் அதைப் பற்றிய பேச்சு. மருத்துவமனையில் என்னை என் அப்பாவின் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவர்கள் படிவத்தில் அதுதான் குடும்பப் பெயர். முதல் ஆண்டு ஒவ்வொரு முறையும் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். இப்போது அவருக்காக நானே எழுந்து போகிறேன். பேத்தி நிலாவுக்குப் பதினைந்து வயது. என் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என் ஆங்கிலத்தைச் சிரிக்காமல் திருத்துவாள். சிரித்திருந்தால் பரவாயில்லை.

அவள்தான் அந்த இணையதளத்தை எனக்குக் காட்டினாள். வீட்டு மின்கட்டண ரசீதுகளை நான் சரிபார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவள் நோக்கம். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு. பல நாட்டுக் காடுகளில் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறார்கள். எதிரே எது அசைந்தாலும் அது படம் பிடித்துக்கொள்ளும். தண்ணீர், புல், வெயில், மனித நடமாட்டம் இவை மாறும்போது எந்த உயிரினம் எப்படித் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறது என்று பார்ப்பது ஆய்வு. மலைபோல் குவிந்த படங்களைப் பிரித்துக் கொடுக்க ஊதியமில்லாத ஆட்கள் வேண்டும். ஓய்வூதியக்காரர்களைவிட அதற்குப் பொருத்தமானவர்கள் யார்?

காலைக் கஞ்சி முடிந்ததும் உட்காருவேன். படம் எண், தேதி, நேரம், விலங்கு என்று எனக்கென்று தனியாக ஒரு நோட்டும் போட்டேன். யாரும் கேட்கவில்லை. பழக்கம். ஒரு நாள் காடுகளின் பட்டியலில் புதிதாக ஒரு வரி வந்தது: காவிரிக்கரை வறண்ட காடு, தருமபுரி மாவட்டம், தமிழ்நாடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். மற்ற நாடுகளின் குரங்குகளையும் மான்களையும் அன்றோடு கைவிட்டேன்.

2

மூன்றாவது வாரம் அந்தப் படம் வந்தது. காலை ஏழே முக்கால். இடப்பக்கம் ஒரு சாம்பல் நிறக் காளையின் முன்பாதி. ஆலம்பாடி மாடு, திமிலைப் பார்த்தாலே தெரியும். நடுவில், தலையில் துண்டு கட்டிய ஒருவன். கோலைத் தோளில் குறுக்கே வைத்து இரண்டு கைகளையும் அதன் மேல் தொங்கவிட்டபடி, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை. இடது தோள் சற்று இறங்கியிருந்தது. சிறு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்த தோள். என் சித்தப்பா மகன் மாதையன்.

ஏரியூரிலிருந்து காவிரிப் பக்கமாகப் போனால் எங்கள் ஊர். என் அப்பா வாத்தியார் வேலை கிடைத்து வெளியே போனார்; சித்தப்பா மாடுகளோடு இருந்தார். அவருக்குப் பிறகு மாதையன். நாற்பது மாடுகள். வேனிற்காலம் தவிர மற்ற நாளெல்லாம் அவை காட்டுக்குள்தான் இருக்கும். முள்வேலி போட்டு அடைத்து வைக்கும் இடத்துக்குப் பட்டி என்று பெயர். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள்.

படத்துக்குக் கீழே நான் அழுத்துவதற்குக் கட்டங்கள் இருந்தன. விலங்குகளுக்கு நீண்ட பட்டியல். பறவைக்கு ஒன்று. ஒன்றுமில்லை என்பதற்கு ஒன்று. கடைசிக் கட்டத்தின் பெயர் ‘இடையூறு’. அதற்குள் சிறிய எழுத்தில் நான்கு சொற்கள்: மனிதர், கால்நடை, நாய், தீ.

காட்டுத்தீயும் மாதையனும் ஒரே கட்டம்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த இடத்தைப் பற்றி அவர்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்ததும்தான் பொறுமை போனது. சுற்றிலும் லான்டானா எனும் உண்ணிச்செடி புதராக மண்டிய காட்டில் இந்தத் திறந்த புல்வெளி மட்டும் தனித்து இருக்கிறது, புள்ளிமான்கள் இங்கே மிக அதிகமாகக் கூடுகின்றன, காரணம் ஆராயப்பட்டு வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த இடத்துக்கு ஊரில் பட்டிமேடு என்று பெயர். சித்தப்பா காலத்தில் அங்கே பட்டி இருந்தது. ஆண்டுக்கணக்கில் நாற்பது மாடு சாணம் போட்ட மண். பட்டியை மாற்றிய பிறகு அங்கே அருகம்புல் தளதளவென்று எழும்பும். அந்தப் புல்லைத் தேடி மான் வரும். மாடு தின்ற வெள்வேலங்காயின் விதை சாணத்தில் விழுந்து ஓரமெல்லாம் மரமாகும். மான் வந்தால் செந்நாய் வரும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். காரணத்தை ஆராய்கிறவர்கள், காரணம் நேராக வந்து கேமரா முன்னால் நின்றபோது இடையூறு என்கிறார்கள்.

நிலா எட்டிப் பார்த்தாள். “தாத்தா, இட்ஸ் ஜஸ்ட் எ லேபிள்” என்றாள்.

லேபிள்தான். புறம்போக்கு என்பதும் லேபிள்தான். அந்த ஒரு சொல்லை ஒரு நிலத்தின் மேல் எழுதிவிட்டால் மறுநாள் காலையில் அங்கே குடியிருக்கிறவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிவிடுவார்கள். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே லேபிளின் பலம் எனக்குத் தெரியும்.

படத்துக்குக் கீழே கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. மற்றவர்கள் அங்கே ‘அழகான மான்’ என்று எழுதுவார்கள். நான் மனு எழுதினேன். பொருள், பார்வை, பத்தி எண்களுடன். மேற்படி படத்தில் காணப்படும் நபர் இடையூறு அல்ல. அவர் பெயர் மாதையன், தகப்பனார் பெயர் இன்னது, இன்ன கிராமம், பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம். மூன்று தலைமுறையாக மேற்படி இடத்தில் மாடு மேய்த்து வருபவர். மேற்படி புல்வெளி அவர்களால் உண்டானது. வகைப்பாட்டைத் திருத்த ஆணையிடுமாறு வேண்டுகிறேன். தகப்பனார் பெயர் இல்லாத மனுவை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. எழுதியவர்களிடமிருந்து வாங்கியதும் இல்லை.

அனுப்பிவிட்டு, நெடுநாளுக்குப் பிறகு ஒரு வேலை செய்த திருப்தியோடு மதிய உணவு சாப்பிட்டேன்.

3

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மாதையன் அழைத்தான். அங்கே பொழுது சாய்கிற நேரம். குளிர் எப்படி, சாப்பிட்டாயிற்றா, பேத்தி என்ன படிக்கிறாள் என்று வரிசையாக விசாரித்தான்.

“அண்ணா, நீங்க எங்கயாச்சும் என்னப் பத்தி எழுதிப் போட்டீங்களா?”

ஏன் என்றேன்.

“காட்டு ஆபீசுல இருந்து நோட்டீசு வந்துருக்குதுங்ணா. எம்பேரு, எங்கப்பன் பேரு, எல்லாம் கரெக்டா இருக்குது. அவங்களுக்கு எங்கப்பன் பேரு எப்படித் தெரியும்? நம்மூட்டு ஆளு யாரோதான் குடுத்திருக்கறாங்கன்னு காவேரி சொல்றா.”

காவேரி அவன் மனைவி. அவள் ஊகம் தவறுவது அபூர்வம்.

நோட்டீசைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நடந்தது அதிலேயே தெரிந்தது. ஆய்வுக்கு உள்ளூரில் உதவும் ஓர் அமைப்பு மாதாமாதம் அறிக்கை அனுப்புகிறது. அதோடு கருத்துகளும் ஒட்டிக்கொண்டு போகின்றன. அப்படிப் போன என் மனு ஒரு வனச்சரக அலுவலகத்தின் மேசையில் இறங்கி, அங்கே யாரோ ஒரு பொறுப்பான ஊழியரின் கையில் கிடைத்திருக்கிறது. கேமராக்காரர்களுக்கே தெரியாத ஆளை, முழு முகவரியோடு, ஊரிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளியிருந்து நான் பிடித்துக் கொடுத்திருந்தேன்.

அதற்கு மேல் ஒரு பிழையும் இருந்தது. படம் எடுக்கப்பட்ட மாதத்தில் மாதையனிடம் வனத்துறை தந்த, செல்லுபடியாகும் மேய்ச்சல் சீட்டு இருந்தது. அதன் பிறகுதான் புதுச் சீட்டுத் தருவதை நிறுத்தினார்கள். நோட்டீசு எழுதியவர் படத்தின் தேதியைப் பார்க்கவில்லை. என் மனுவின் மேலே நான் ஒழுங்காகப் போட்டிருந்த தேதியை எடுத்துக்கொண்டார். அந்தத் தேதியில் சீட்டு இல்லை. ஆகவே அனுமதியின்றி நுழைந்த குற்றம். பட்டியை அகற்ற வேண்டும். இனி எந்தச் சீட்டுக்கும் மாதையன் தகுதி இல்லை. விளக்கம் சொல்ல முப்பது நாள்.

“வூட்டுக்கிட்ட நாலு மாடு கட்டத்தான் எடம் இருக்குதுங்ணா” என்றான் மாதையன். “மிச்சத்த என்னா பண்றது? நோட்டீசு வந்த சேதி தெரிஞ்சு அடிமாட்டு ஏவாரி ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டான். நான் கூப்பிடவே இல்ல.”

நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். நல்லதுக்குத்தான் எழுதினேன் என்றும் சொன்னேன்.

“தெரியுங்ணா. நீங்க எழுதுனா சுத்தமா இருக்கும்” என்றான். அவன் குத்திப் பேசுகிறவன் அல்ல. அதனால்தான் அது இன்னும் குத்திக்கொண்டிருக்கிறது.

4

ஆய்வின் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன். முதலில் இயந்திரம் நன்றி சொன்னது. இரண்டாவது கடிதத்துக்கும் அதுவே நன்றி சொன்னது. ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு மரியான் என்ற இளம்பெண் காணொளியில் வந்தாள். கெட்டிக்காரி, பணிவானவள், உண்மையாகவே வருந்தினாள். அதனால் திட்டவும் முடியவில்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் படம் எடுக்கப்பட்ட தேதியோடு ஒரு நகல் கொடுங்கள். அவள் சொன்னாள், மனித முகம் உள்ள படங்களைத் தனியுரிமை விதிப்படி குறிப்பிட்ட நாட்களுக்குள் அழித்துவிடுவார்கள். அது அழிந்துவிட்டது. அப்படியானால் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் எப்படி வெளியே போயின என்று கேட்டேன். கருத்துகள் தரவு என்ற வகையில் வருவதால் கூட்டாளிகளோடு தானாகவே பகிரப்படும், தனியுரிமை விதி படங்களுக்கு மட்டும்தான் என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அது எப்படி ஒலிக்கிறது என்று புரிந்துவிட்டது.

இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை எங்கள் துறையில்கூட நான் பார்த்ததில்லை. ஆளைக் காட்டிக் கொடுக்கும் காகிதம் கடல் தாண்டிப் போகும். ஆளைக் காப்பாற்றும் காகிதம் அவனுடைய நன்மைக்காகவே அழிக்கப்படும்.

பட்டிமேட்டைப் பற்றி மட்டும் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். எத்தனை ஆண்டு ஒரே இடத்தில் பட்டி இருக்கும், விட்ட பிறகு எத்தனை மழைக்குப் பின் புல் வரும், மாடு போகாத இடத்தில் உண்ணிச்செடி எவ்வளவு வேகமாக ஏறும். கண்கள் மின்னின. அந்த மனிதரை நேர்காணல் செய்ய முடியுமா என்று கேட்டாள். அவர் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொள்வோம் என்று உறுதியும் கொடுத்தாள். நோட்டீசில் மட்டும் அவனுக்குப் பெயர் உண்டு, ஆய்வுக்கட்டுரையில் கிடையாது. இதை நான் அவளிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு கடிதம் தந்தாள். குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட கேமராவில் அடையாளம் வெளியிட இயலாத ஒரு மனிதரும் கால்நடைகளும் பதிவாயினர் என்று அதில் இருந்தது. மாதையன் அதை அச்செடுத்துச் சரக அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். இதில் உன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். என் நோட்டின் பக்கத்தையும் காட்டியிருக்கிறான். படம் எண், நேரம், தேதி எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் யாரோ நோட்டில் எழுதி வைத்ததெல்லாம் ஆவணம் ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். பதில் சரிதான். விதிப்படி சரி. முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

அந்த வாரம் தேன்மொழி செடிக்கடைக்கு அழைத்துப் போனாள். கோடை தொடங்கியிருந்தது. வாசலிலேயே, தொங்கும் தொட்டிகளில், மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துத் தொங்கியது உண்ணிச்செடி. எப்படிக் கவனமாக வளர்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு வேறு. “அழகா இருக்குல்லப்பா” என்று அவள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஊரில் மேய்ச்சலை விழுங்கிக்கொண்டு மேலேறும் செடி இது என்றேன். “இங்க குளிர் வந்தா செத்துரும்பா, ஒண்ணும் பண்ணாது” என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அதே செடிக்கு இங்கே பனி காவலுக்கு நிற்கிறது. அங்கே காவலுக்கு நின்றவை மாடுகள் என்று மாதையன் சொல்வான். அது எவ்வளவு தூரம் உண்மை என்று மரியான் ஆராயட்டும். ஆராய்வதற்கு மாடு மிச்சமிருக்க வேண்டும். நான் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். திரும்பும்போது தொட்டி பின் இருக்கையில் இருந்தது.

5

முப்பது நாளில் பன்னிரண்டு நாள் மிச்சமிருந்தபோது காவேரி அழைத்தாள். அவள் ஊர் வன உரிமைக் குழுவில் உறுப்பினர். பெண்கள் இத்தனை பேர் வேண்டும் என்று விதி இருப்பதால் பெயரைச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் இப்போது வருந்துகிறார்கள் என்று கேள்வி.

விளக்கக் கடிதத்தை நான் நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். குறிப்பிட்ட தேதியில் மாதையன் காட்டுக்குள் இல்லை என்பதை எட்டுப் பத்தியில் நிறுவியிருந்தேன். அதைப் படித்துக் காட்டினேன். இரண்டாவது பத்தியிலேயே நிறுத்தினாள்.

“மாமா, அவரு போனாரா போகலையான்னு நீங்க எதுக்குங்க சண்ட புடிச்சிகிட்டு இருக்கறீங்க? போனாரு. நானும் போனேன். எங்க மாமனாரு போனாரு. நாங்க அங்க மேய்க்கறோம்னு அவங்களே கையெழுத்துப் போட்டு, சீலு வெச்சுக் குடுத்திருக்கறாங்க. இத்தன வருசமா அந்த எழுத்தத்தான தேடிகிட்டு இருந்தோம்.”

வன உரிமைச் சட்டத்தில் சமூக மேய்ச்சல் உரிமை கேட்கிறவர்கள், தாங்கள் தலைமுறைகளாக அந்த இடத்தைப் பயன்படுத்துவதைக் காட்ட வேண்டும். அரசின் பதிவுகள் ஆதாரம். அபராதமும் குற்ற அறிவிப்பும்கூட அரசின் பதிவுகளே. இடம், பெயர், தகப்பனார் பெயர், தொழில் அத்தனையும் அரசு முத்திரையோடு ஒரே தாளில் இருந்தது. நான் அதை மறுப்பதற்கு நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதோடு நிற்கவில்லை அவள். கொட்டகையில் தொங்கிய உரச்சாக்கு ஒன்றில் காட்டில் மேய்த்ததற்கு அபராதம் கட்டிய பழைய தண்டச் சீட்டுகள் கிடந்தன என்றாள். சித்தப்பா பெயரில் பல. செல்லரித்த ஒன்றில் சேலம் ஜில்லா என்று அச்சடித்திருந்தது. தருமபுரி தனி மாவட்டம் ஆவதற்கு முந்தையது. அதில் இருந்தது என் தாத்தாவின் பெயர்.

இவ்வளவையும் முன்பே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“முன்ன ஒருக்கா மனுப் போட்டோம்ல, அப்பவே எடுத்தேனுங்க. தண்டங் கட்டுன சீட்ட ஆபீசுல காட்டுனா திருட்டுப் பசங்கன்னுதான் எழுதிக்குவாங்க, வேணாம்னு எங்க மாமனாரு சொல்லிட்டாரு. அப்பறம் அந்த மனு திரும்பி வந்துருச்சு. ஆதாரம் பத்தாதுன்னு.”

யார் திருப்பினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. சொந்த ஊர்க் கோப்பு. யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று மற்றக் கோப்புகளைவிடக் கூடுதல் கறாராகப் பார்த்தேன். இணைப்பில் ஆதாரம் போதவில்லை, திருப்பி அனுப்பலாம் என்று குறிப்பு எழுதினேன். மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டார். என் குறிப்புக்கு மேல் அவர் எதையும் படிப்பதில்லை. தண்டச் சீட்டும் ஆதாரம்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இத்தனை நாளும் மரியான் மேலும் கேமரா மேலும் கட்டங்கள் மேலும் எனக்கு வந்த கோபத்தில் பாதியாவது அந்த மேசைக்கு உரியது. அவர்கள் மாதையனை இடையூறு என்று எழுதினார்கள். நான் அவனை எழுதவே இல்லை.

6

காவேரிக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது. கோரிக்கை வைப்பவர் அல்லாத மூத்தோர் ஒருவரின் எழுத்து வாக்குமூலத்தையும் விதிகள் ஆதாரமாக ஏற்கின்றன. ஊரில் மூத்தவர்கள் எல்லோரிடமும் இரண்டு மாடாவது இருக்கிறது, எல்லோரும் கோரிக்கையாளர்கள். ஒரு கன்றுக்குட்டிகூட இல்லாத மூத்தவன் நான் ஒருவன்தான். அடையாளம் கண்டு சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்றாள். அதில் ஏளனம் இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு நாள் எடுத்து எழுதினேன். எந்தெந்த இடத்தில் பட்டி இருந்தது, எந்தப் பள்ளத்தில் மாடு தண்ணீர் குடிக்கும், தாத்தா காலத்துப் பட்டிக்கும் சித்தப்பா காலத்துப் பட்டிக்கும் நடுவே எத்தனை வெள்வேல மரம். பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதினேன். கடைசிப் பத்தியில், முந்தைய கோரிக்கையைத் திருப்பியனுப்பலாம் என்று குறிப்பு எழுதியவன் நானே என்றும், மேற்படி தண்டச் சீட்டுகள் ஆதாரமாகும் என்பதை அறிந்தும் கிராமத்தாருக்கு நான் அறிவிக்கவில்லை என்றும் சேர்த்தேன்.

தேன்மொழி படித்துவிட்டுக் கடைசிப் பத்தி தேவையா என்று கேட்டாள். சட்டப்படி தேவையில்லை. அதை எடுத்துவிட்டாலும் வாக்குமூலம் முழுமையானதுதான்.

காவேரிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். 

“இத எழுதிக் குடுத்தா உங்க பென்சனுக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?” என்றாள்.

ஆகாது என்றேன். வேண்டாம் என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

“இருக்கட்டுங்க மாமா. திருப்புனது நீங்கன்னு ஊருக்கே தெரியும். அதையும் சேத்துப் படிச்சாத்தான் இப்ப சொல்றத நம்புவாங்க.”

ஊருக்கே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு விடுமுறைக்கும் போனேன். எல்லா வீட்டிலும் சாப்பிட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி ஒரு கோப்பு ஏழெட்டு ஆண்டாக அங்கே நிலுவையில் இருந்திருக்கிறது.

தூதரக முகாமில் கையொப்பத்துக்குச் சான்று வாங்கி அனுப்பினேன். நோட்டீசின் கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்பு கிராம சபை கூடியது. கோரிக்கை, நோட்டீசு, தண்டச் சீட்டுகள், என் வாக்குமூலம் எல்லாவற்றையும் படித்துத் தீர்மானம் போட்டார்கள். கடைசிப் பத்தியை ஊராட்சிச் செயலர் தயங்கித் தயங்கிப் படித்தாராம். இனி அது கோட்டாட்சியர் தலைமையிலான கோட்டக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே என் நாற்காலியில் இப்போது யார் இருக்கிறார்களோ, அவர்களை எண்ணும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. அந்த நாற்காலியை எனக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்த மறுநாள் காவேரியை அழைத்து, மாதையன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அவன் கூட்டத்துக்கே வரவில்லை என்றாள். தீர்மானம் ஆயிற்று என்று யாரோ போனில் சொன்னதும், நோட்டீசு வந்ததிலிருந்து வீட்டருகே நெருக்கி அடைத்திருந்த மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டானாம்.

கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது மேய்ச்சலுக்கும் பொருந்துமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. எனக்குப் பதற்றமாக இருந்தது. அனுமதி வாங்கிக்கொண்டு போனானா என்று கேட்டேன்.

“யாருகிட்டங்க மாமா?” என்றாள் காவேரி.

அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்லியே முப்பத்தைந்து ஆண்டு சம்பளம் வாங்கியவன் நான். வாயைத் திறந்தேன். பிறகு, மாடுகள் எல்லாம் நல்லபடியாக நடந்து போயினவா என்று கேட்டேன்.